ஸமத் ஹாஜியாரின் வெளியேறும் எண்ணம்

"விண்ணப்பதாரருக்குத் தமது சொந்த நாட்டுடன் போதிய பிணைப்புகள் இருப்பதாகத் தெரியவில்லை. விசாக் காலம் முடிவதற்குள் உறுப்பு நாடுகளின் எல்லையை விட்டு வெளியேறும் அவரது எண்ணம் குறித்து நியாயமான சந்தேகங்கள் உள்ளன."

மேற்படி விண்ணப்பதாரர் இப்போது மாத்தளை பஸ் நிலையத்தில் தம்புள்ளை பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம் சிங்களத்தில் நேரம் விசாரிக்கிறார். போகிற நேரத்தை அல்ல, திரும்பி வருகிற நேரத்தை. அதற்குப் பதில் கிடைக்காமல் அவர் எந்தப் பஸ்ஸிலும் ஏறியதில்லை. "போறதுக்கு ஆயிரம் பஸ் ஈக்கிது தம்பி. ஊட்டுக்கு வாறதுக்குத்தான் ஒண்டும் இல்லாமப் போற" என்பார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கண்டக்டர் பொய்யாகவாவது ஒரு நேரத்தைச் சொல்வார். ஹாஜியார் மற்றக் காலையும் தூக்கி வைப்பார்.

பெயர் அப்துல் ஸமத். எழுபதைத் தாண்டியவர். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தையில் மரக்கறிக் கமிஷன் கடை வைத்திருந்தார். இப்போது கடை மூத்த மகன் நிஸ்தாருடையது. கிழமைக்கு மூன்று நாள் தகப்பன் அங்கே போய், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையில் அமர்ந்து, வந்திறங்கும் போஞ்சியை ஒடித்துப் பார்த்து ஒரு விலை சொல்வார். நிஸ்தார் அதைப் பணிவோடு கேட்டுக்கொண்டு வேறொரு விலைக்கு விற்பார். சிறிது நேரத்தில், "வாப்பா, வெயில்ல இரிக்க வாணாம்" என்று அக்கறையாகச் சொல்வார். கடையின் கூரை முழுமையானது. வெயில் உள்ளே வருவதில்லை. ஆனாலும் ஹாஜியார் எழுந்துவிடுவார். மஃரிபுத் தொழுகைக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு அதற்குள் வந்திருக்கும்.

வேறொருவருடைய கூரையின் கீழ் அவருக்குத் தூக்கம் வராது. புத்தளத்தில் மச்சானின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோது சாப்பிட்ட கையோடு பஸ் ஏறினார். சீனி வருத்தத்தில் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அப்போதும் மாலையில் வார்டிலிருந்து நழுவி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டு, காலையில் டாக்டர் வருவதற்குள் போர்வைக்குள் இருந்தாராம். அந்த வார்டு முழுக்க அவருக்குச் சாட்சி உண்டு. ஹஜ்ஜுக்குப் போனபோது தலையணையைக் கொண்டுபோனார். மினாவில் கூடாரத்துக்குள் இருந்து தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, வீட்டுக் கிணற்று மோட்டாரை யார் நிறுத்துகிறார்கள் என்பது. ஐரோப்பாவில் ஒளிந்து வாழக்கூடும் என்று ஓர் அரசாங்கம் சந்தேகிக்கும் மனிதர் இவர்தான்.

போக விரும்பியது இத்தாலிக்கு. இளைய மகன் றிஸ்கான் வெரோனா நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை செய்தவர். பத்து வருடங்களுக்கு மேலாக அங்கே இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு இணைத்துவிடுகிறார்கள். இப்போது இதயமும் தளர்ந்துவிட்டதால் விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர்கள் தடுத்துவிட்டார்கள். மகன் வர முடியாது. ஆகவே தகப்பன் போக வேண்டும். எவ்வளவு காலத்துக்குள் என்று றிஸ்கான் சொல்லவில்லை, ஹாஜியாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் தொலைபேசியின் சிறு திரையில் அந்த முகத்தைப் பார்க்கிறவருக்கு அதைக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

முதல் விண்ணப்பத்துக்கு அவர் செய்த ஆயத்தம் எங்கள் வீதிக்கே ஒரு விழாவாக இருந்தது. நடைபாதைக் கடையில் யாரோ வெள்ளைக்காரன் போட்டுக் கழித்த கம்பளிக் கோட்டு ஒன்றை வாங்கினார். குளிர் நாட்டுக்குப் பழக வேண்டுமாம். சுபஹுத் தொழுகைக்குப் பின் அதை மாட்டிக்கொண்டு மாத்தளை வெயில் ஏறும் வரை நடந்தார். குளிருக்குப் பழகினாரா தெரியாது, வியர்வைக்குப் பழகினார். பயண மருத்துவக் காப்புறுதி முப்பதாயிரம் யூரோவுக்கு எடுக்க வேண்டும் என்றபோது, "அங்க நோயாகினா இவ்வளவு தாறாங்க. மகன் நோயாகி இரிக்கிறதப் பாத்துட்டு வந்தா எவ்வளவு?" என்று முகவரைக் கேட்டார். முகவர் சிரிக்கவில்லை. கொழும்பில் விரலடையாளம் எடுக்கும் பெண், அவருடைய விரல்களில் ரேகை சரியாக விழவில்லை என்று நான்கு முறை துடைக்கச் சொன்னாராம். "ரேகையப் போஞ்சி தின்டுட்டு மகள்" என்று இவர் விளக்கம் கொடுத்திருக்கிறார்.

பிறகு விசாவை மறுத்து அந்தக் கடிதம் வந்தது. நான் வாசித்துச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. பிணைப்பு என்றால் என்ன என்று கேட்டார். சொந்தப் பெயரில் வீடு, காணி, வியாபாரம், மனைவி என்று சொன்னேன். "அப்ப அவங்க சென்னது சரிதானே" என்றார்.

சரிதான். அங்கேதான் விஷயம் இருக்கிறது. மனைவி மஸீனா இறந்த மறுவருடம் ஹாஜியார் மக்காவுக்குப் புறப்பட்டார். புறப்படும் முன், நம் ஆட்கள் செய்வதைப் போலவே, கடன்களை அடைத்தார். தெருத் தெருவாகப் போய், கோபதாபம் இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டார். தான் கண்ணை மூடி மவ்த்தானால் பிள்ளைகள் சண்டை போடக் கூடாது என்று சொத்தைப் பிரித்தார். கடை நிஸ்தாருக்கு. வீடு, தன்னோடு இருந்து தன்னைப் பார்த்துக்கொள்ளும் மகள் ஜஸ்லாவுக்கு. யட்டவத்தையில் இருந்த மிளகுத் தோட்டம் றிஸ்கானின் பங்கு. அது அவரை இத்தாலிக்கு அனுப்பியபோதே கரைந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கையில் தலையணையோடு விமானம் ஏறிய அவரைப் போல லேசான மனிதரை நான் கண்டதில்லை. ஆனால் திரும்பி வந்துவிட்டார். மற்றவர்கள் பெயரிலுள்ள வீட்டிலும் கடையிலும் விருந்தாளியைப் போல வாழ்ந்துவருகிறார்.

மக்காவுக்குப் போகிறவர் இனித் திரும்ப மாட்டேன் என்ற எண்ணத்தோடு புறப்பட வேண்டும். வெரோனாவுக்குப் போகிறவர் திரும்பியே தீருவேன் என்று நிரூபிக்க வேண்டும். ஸமத் ஹாஜியார் முதல் பயணத்துக்குச் செய்த ஆயத்தத்தோடு இரண்டாவது பயணத்துக்கு விண்ணப்பித்திருந்தார். அவருடைய பக்தியைத் தாளில் எழுதிப் பார்த்தால், ஓடிப்போகத் தயாரான ஒருவனுடைய விவரம் போலவே இருந்தது. விசா அதிகாரியின் மேல் பிழை சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஜஸ்லாதான் வழி சொன்னார். "ஊடு எங்கயும் ஓடாது வாப்பா. உங்கட பேருக்கு மாத்துவோம். றிஸ்கான் நானாவப் பாத்துட்டு வந்து திருப்பி எழுதித் தாங்க." மௌலவியிடம் கேட்டார்கள். தகப்பன் பிள்ளைக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்க மார்க்கத்தில் இடமுண்டு என்றார். ஜஸ்லாவின் கணவர் ஹாஷிம் அதைக் கேட்டுவிட்டு வெளியே போனார். தன் முச்சக்கர வண்டியை இரண்டு நாள் கழுவினார். அது அதற்கு முன் மழையில் மட்டுமே நனைந்த வண்டி.

அடுத்த முறை தம்புள்ளைக்குப் போனபோது ஹாஜியார் இதை நிஸ்தாரிடம் சொல்லியிருக்கிறார். கடையை மாற்றித் தருவதைப் பற்றி நிஸ்தார் பேசவில்லை. அதன் மேல் வங்கிக் கடன் இருக்கிறது. ஆனால் வீட்டு யோசனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. கோவா மூட்டைகளைப் பார்த்தபடியே சொன்னாராம்: "நல்ல வேலதானே வாப்பா. ஊடு உங்கட பேர்ல ஈந்தா, நாளைக்கி ஒண்டு நடந்தாலும் ஷரீஅத்துப்படி பிரியும். ஜஸ்லாக்கும் கெடைக்கும்."

நிஸ்தார் கெட்டவர் அல்ல, கணக்குத் தெரிந்தவர். இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருந்தால் மகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு வரும். முழு வீட்டில் குடியிருக்கும் ஜஸ்லாவுக்கு அந்தக் கணக்கில் ஓர் அறையும் அடுப்படியில் பாதியும் மிஞ்சும். ஹாஜியார் அன்று திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் இருந்தார். பஸ் நாவுல ஊரைத் தாண்டியது. அதன்பின், "நிஸ்தார் சென்னது பொய்யில்ல" என்றார். பலாப்பத்வல தாண்டியதும் அதையே மறுபடி சொன்னார்.

ஆனாலும் உறுதி எழுதும் நொத்தாரிசு நடராஜாவின் அலுவலகத்துக்கு நாள் குறித்தபடியே போனார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நடராஜா இரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து படித்து முன்னுக்கு வந்தவர். எதையும் சுருக்காகச் சொல்பவர். வீட்டை மாற்றும் உறுதிப் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். ஜஸ்லா, காட்டிய இடங்களில் எல்லாம் தயங்காமல் கையெழுத்து வைத்தார். ஹாஷிம் வெளியே வண்டியில் இருந்தார்.

"இப்ப நீங்க, ஹாஜியார். இத ஏத்துக்கிறேன்னு கையெழுத்து வைக்கணுங்க. வச்சாத்தான் செல்லும்."

ஹாஜியார் பேனையை எடுத்தார். எடுத்தவர், "ஐயா, நான் அங்க மவ்த்தாகினா?" என்று கேட்டார்.

"அப்ப இது உங்க சொத்துங்க. புள்ளைங்க எல்லாத்துக்கும் பங்கு வரும்."

"திரும்பி வந்தா?"

"வந்தா அன்னைக்கே மகளுக்கு மறுபடி எழுதிறலாம். வந்துருவீங்கல்ல?"

நடராஜா அதை ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் கேட்டார். ஜஸ்லா சிரித்துக்கொண்டே தகப்பனைப் பார்த்தார். எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் திரும்பும் நேரத்தைக் கேட்டே ஏறுகிற மனிதருக்கு இதைவிட எளிதான கேள்வி இருக்க முடியாது. திரும்பி வருவேன் என்று ஒரு கண்டத்துக்கே எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தவர் அவர். அதைத் தன் மகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மின்விசிறி தாள்களின் ஓரங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"வாறேன்டு நான் எப்பிடிச் செல்லுற ஐயா" என்றார் கடைசியில். பேனையின் மூடியைப் போட்டார். ளுஹர்த் தொழுகைக்கு நேரமாகிறது, போவோம் என்று ஜஸ்லாவை எழுப்பினார். ளுஹருக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஜஸ்லா கோபத்தில் முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு படியிறங்கினார். "றிஸ்கான் நானாக்கு என்ன செல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். ஹாஜியார் சட்டைப் பையைத் துழாவியபடி மேசைக்குத் திரும்பினார். கூலி கொடுக்க முயன்றபோது நடராஜா வாங்க மறுத்துவிட்டார்.

இது நடந்து சில கிழமைகள் ஆகின்றன. ஹாஜியாரின் நடைமுறைகளில் மாற்றமில்லை. கிழமைக்கு மூன்று நாள் தம்புள்ளைக்குப் போகிறார். போஞ்சி ஒடிக்கிறார். கூரையின் கீழ் வெயில் அடிப்பதாகச் சொல்லப்பட்டதும் எழுந்துவிடுகிறார். மகள் ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. மருமகன் முன்னைவிட அதிகமாகப் பேசுகிறார். ஹாஜியாரின் தேநீருக்குச் சீனி போடாமல் பார்த்துக்கொள்வதும் இப்போது அவர்தான்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் அவர் வீட்டு முன்கூடத்தில் நானும் இருந்தேன். றிஸ்கானின் அழைப்பு வந்தது. திரையில் ஆஸ்பத்திரி நாற்காலி, கையில் செருகிய குழாய்கள், முன்பு இருந்ததில் பாதியான முகம். சலாம் சொல்லி முடித்ததும் அவர் முதலில் கேட்டது விசாவைப் பற்றித்தான்.

"இரண்டாவது அப்ளிகேஷனுக்கு என்ன சென்னாங்க வாப்பா? ஊட்ட மாத்தின உறுதியும் வச்சிப் போட்டீங்கதானே?"

அடுப்படி வாசலில் ஜஸ்லா வந்து நின்றார். ஹாஜியார் அவரைப் பார்த்தார். தொலைபேசியைச் சற்றே தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் வச்சித்தான் போட்டேன் மகன். இந்த முறையும் ஏலாதுன்டுட்டாங்க."

றிஸ்கான் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்த அலுவலகத்தையும் அந்த நாட்டையும் அதன் சட்டங்களையும் ஏசத் தொடங்கினார். மூச்சு வாங்கியது. தகப்பன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். ஏச வேண்டாம் என்றும், அது அவர்களுடைய நாடு என்றும், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார்.

இரண்டாவது விண்ணப்பத்தை அவர் போடவே இல்லை.