பக்கத்துக் கட்டில்காரி போட்டுக்கொண்ட ஊசி

ஒரு பெண் வலியில் துடித்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். தொண்ணூறுகளில், பினாங்கு மருத்துவமனை ஒன்றில் நடந்தது.

எனக்கும் பக்கத்துக் கட்டில்காரிக்கும் ஒரே காலையில், வயிற்றில் சிறு துளைகள் போட்டு சினைப்பைக் கட்டியை எடுத்தார்கள். அதற்கு முன்பே, பிறகு வலி தெரியாமல் இருக்க, வயிற்று நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடட்டுமா என்று டாக்டர் கேட்டிருந்தார்.

"நரம்புலயா? கால் வெளங்காம போயிட்டா? வேணாம் டாக்டர்" என்றேன், படித்து, ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான நான். சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த சரசு உடனே சரி என்றாள்.

மாலை நான் இருமக்கூடப் பயந்து கிடந்தேன். அவளோ எழுந்து உட்கார்ந்து, தலைவாரி, பொட்டு வைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மெல்ல நடந்து வந்து எனக்கு மைலோ கலக்கித் தந்தாள்.

"குடிங்கக்கா. எனக்குத்தான் வலி இல்லையே."

பீற்றிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஊசியின் வேகம் அடங்கியது. சரசு போர்வையைக் கடித்துக்கொண்டு முனகினாள். இப்போது தெரிகிறதா என்று எனக்குள் ஒரு குதூகலம்.

நர்ஸ் வலி மாத்திரையோடு அவளிடம் போனார். அவள் என் பக்கம் கைகாட்டினாள்.

"அக்காவுக்கு மொதல்ல குடுங்க மிஸ்ஸி. மத்தியானத்துலேர்ந்து இதத் தாங்கிக்கிட்டு இருக்காங்க லா."

வாங்கி விழுங்கினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பினேன். தையல் சுரீரென்று இழுத்தது. எனக்கு நன்றாக வேண்டும்.