ஆயில் மண்ணுக்குக் காளான் வைத்தியம்

காளான் வேலை செய்ததா என்று கேட்டவர்களுக்கு: செய்தது, கொஞ்சம் அதிகமாகவே.

ஐயம்பேட்டையில் என் பைக் மெக்கானிக் கடைக்குப் பின்னால் வருஷக்கணக்காக வேஸ்ட் ஆயில் ஊறிய மண். 'அத்த சுத்தம் பண்ணு, இல்லாட்டி கடைய காலி பண்ணு' என்று ஓனர் அக்கா சொல்லிவிட்டார்.

காளான் ஆயிலைத் தின்னும் என்று யூடியூபில் பார்த்தேன். வாலாஜாபாத் காளான் பண்ணையில் அறுவடை முடிந்த, காளான் இழை ஓடிய வைக்கோலை வாங்கி, அந்த மண்ணில் கலந்து குவித்து வைத்தேன்.

இன்று காலை போனால் குவியல் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஆயில் நாற்றமும் குறைந்திருக்கிறது. உச்சியில் மஞ்சள், குங்குமம், ஒரு முட்டை. எதிரில் ஓனர் அக்கா கண்ணை மூடி நிற்கிறார்.

"அக்கா, இது புத்து இல்லக்கா. நான் கொட்டின ஆயில் மண்ணு."

"வாயக் கழுவுப்பா. போன மாசம் தரையா இருந்துது. இப்ப இடுப்பு ஒசரம் வளந்துக்கினு நிக்குது, மண்ணாம்!"

"கிளறி விடணும்க்கா. அப்பதான் மீதி ஆயிலும் போவும்."

"கை வச்சுப் பாரு. அம்மா குடியிருக்கிற எடம்."

"சரி, இருக்கட்டும். அப்ப கட காலி பண்ண வேணாம் இல்ல?"

அக்கா கடையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "கட இருந்தா ஜனங்க எப்படிப்பா சுத்தி வரும்? காலி பண்ணிடு."

ஓனர் மனசைக் கரைக்கும் காளான் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். போகிறேன், பால் ஊற்ற வந்தவர்கள் என் டூல்ஸ் பெட்டி மேல் செருப்பைக் கழற்றி வைக்கிறார்கள்.