கண்டியில் உடுப்பு காயும் நாட்கள்

குண்டசாலையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையில் பெண்கள் எதிர்ப்பட்டால் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதில்லை. "துணி காஞ்சிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். வந்த புதிதில், இவர்களுக்குக் கதைக்க வேறு விஷயமே இல்லையா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். பதினொரு வருடத்தில் அந்தக் கேள்வி என் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. போன சித்திரை விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் என் ஊரான கொக்குவிலுக்குப் போனபோது, பக்கத்து வீட்டுக்காரியிடம் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். அவர் வானத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். "காயாமல் வேற என்ன செய்யும் ரீச்சர்?" என்றார். கண்டிக் குளிர் என் தலைக்குள் ஏறிவிட்டது என்று அன்று பின்னேரமே ஊரில் கதை பரவியிருக்கும்.

அவர் சொன்னதில் பிழையில்லை. யாழ்ப்பாணத்து வெயில் சொன்ன சொல் தவறாதது. அம்மா விடிய ஐந்தரைக்குக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக் கொடியில் போட்டால், பத்து மணிக்கு எல்லாம் அப்பளமாகக் காய்ந்திருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் அம்மா மடித்துவிடுவா. நான் கணிதம் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், வெயில் மணக்கும் பருத்திச் சேலையை உடுத்திக்கொண்டு வகுப்புக்குள் நுழைவதே ஒரு மிடுக்காக இருக்கும். மழையென்றால் ஐப்பசி, கார்த்திகை. அது வருவதற்கு முன்பே ஊரெல்லாம் தெரிந்திருக்கும். மற்ற மாதங்களில் கொடியை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு ஒரு கண்டிப்பு மட்டும் இருந்தது. எங்கள் வீட்டு உடுப்பை வெளியார் தொடக்கூடாது. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாதபடிதான் எங்களை வளர்த்திருந்தார்கள்.

இந்த வெயிலையும் இந்தக் கண்டிப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் இடமாற்றத்தில் கண்டிக்கு வந்தேன். அதுவும் ஒரு சித்திரை மாதம்தான். வந்த இரண்டாவது கிழமை ஒரு நாள், விடிய எழும்பித் தோய்த்து, நான்கு சேலைகளையும் மற்றதுகளையும் பின்பக்கக் கொடியில் விரித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். காலை வெயில் பளீரென்று இருந்தது. சித்திரையில் கண்டி வெயிலுக்கு மத்தியானம் வரைதான் ஆயுள் என்பதை எவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மூன்று மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினால் நிலம் ஈரமாக இருந்தது, கொடி வெறுமையாக இருந்தது.

கொழும்பில் கள்ளர், கண்டியில் கள்ளர் என்று ஊரில் கேட்ட கதையெல்லாம் அந்த நிமிடத்தில் ஞாபகம் வந்தது. ஒழுங்கை நடுவில் நின்று சத்தம் போட்டேன். "ஆர் என்ர உடுப்பை எடுத்தது?" என்று கேட்ட என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் பிளாஸ்டிக் கூடையோடு ஓடி வந்தார். ராணி என்று பெயர். தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கல்யாணம் செய்து இந்தப் பக்கம் வந்தவர்; வீட்டிலிருந்தே தையல் தைக்கிறவர். யன்னலோரம் தையல் மெஷின் இருப்பதால் ஒழுங்கையில் முதல் துளி விழுவது அவர் கண்ணில்தான் படும். வீட்டில் ஆளில்லாதவர்களின் கொடிகளையெல்லாம் அவர்தான் ஓடி ஓடி இறக்குவார். இது ஒழுங்கை முழுவதும் அறிந்த வழக்கம். அறியாத ஒரே ஆள் நான்.

கூடைக்குள் என் சேலைகள் நான்கும் மூலைக்கு மூலை சேர்த்து மடிக்கப்பட்டிருந்தன. உள்ளாடைகளைச் சேலைக்கு அடியில், வெளியே தெரியாமல் வைத்திருந்தார். நன்றி சொல்ல வேண்டிய வாய் வேறொன்றைச் சொன்னது.

"கேக்காமல் எப்பிடி எடுத்தனீங்கள்?"

"மழ வந்திருச்சுங்க டீச்சர். கேக்கலாம்னா நீங்க வீட்ல இல்லைங்களே" என்றார் ராணி. அவருக்கு என் கோபம் விளங்கவில்லை. அவருடைய விளக்கம் எனக்கு விளங்கியது, ஆனால் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை வெகுகாலம் எவருக்கும் சொன்னதில்லை. காய்ந்து மடித்த அத்தனை உடுப்பையும் திரும்பத் தோய்த்தேன். மழைத்தண்ணீர் பட்டது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். ராணியின் கை பட்டது என்பதுதான் காரணம். வகுப்பறையில் எல்லாப் பிள்ளையும் சமம் என்று வாய் கிழியப் பேசுகிற நான், அன்று பொழுதுபட ஈரச் சேலைகளைத் திரும்பவும் கொடியில் விரித்தேன். ராணியின் யன்னலுக்கு நேரெதிரே அந்தக் கொடி இருந்தது.

அடுத்த நாளும் மத்தியானம் மழை கொட்டியது. நான் வீட்டுக்கு வந்தபோது கொடி வெறுமையாக இருந்தது. என் வாசல் கதிரையில் சேலைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன, மேலே ஒரு துவாய் மூடியிருந்தது. அன்றைக்கு நான் திரும்பத் தோய்க்கவில்லை. வெட்கமாக இருந்தது என்பதைத் தவிர வேறு பெரிய ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் அந்த வெட்கத்தை ராணியிடம் சொல்லப் பதினொரு வருடம் எனக்கு வாய் வரவில்லை.

காலம் போகப் போக இந்த ஊரை அதன் ஈரத்தோடு சேர்த்துப் படிக்கப் பழகிவிட்டேன். காலையில் பஸ் தென்னக்கும்புர பாலத்தைக் கடக்கும்போது மகாவலியை எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடினால் மேலே மலையில் நல்ல மழை. மாசி மாதத்தில் ஆறு வற்றிப் பாறைகள் முதுகு காட்டினால், அந்தக் கிழமை கம்பளிப் போர்வையைக்கூடத் துணிந்து தோய்க்கலாம். பங்குனியில் நகரத்து மரங்கள் சில இலையெல்லாம் உதிர்த்துவிட்டு ரோஸ் நிறத்தில் பூத்து நிற்கும். பஸ் நெரிசலில் நசுங்கிக்கொண்டிருந்தாலும் அந்த நிறத்தைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். ஆடியில் குட்செட் பஸ் நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் றம்புட்டான் குவிந்திருக்கும். ஒரு கட்டு வாங்கி, ஆசனமும் கிடைத்து, தோலை மடியிலேயே சேர்த்தபடி வீடு வரை தின்றுகொண்டு வருவது ஒரு பேரின்பம். மார்கழியில் பனி மூடிய காலையில், அயர்ன் பண்ணிய சேலையின் சூடு வயிற்றில் படும். அந்தச் சூட்டில் ஒரு கணம் கொக்குவில் கிணற்றடி வந்து போகும். இங்கே வெயில் சும்மா கிடைப்பதில்லை, அதனால்தான் அதன் ருசி எனக்குத் தெரிய வந்தது.

இப்படிச் சொல்வதால் நான் ஊரை மறந்துவிட்டேன் என்று அங்கிருந்து வாசிக்கிறவர்கள் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பம் போட்டேன். அம்மா தனியே இருந்தா. "இந்த வருசமாவது வருவியோ பிள்ளை?" என்று போனில் கேட்பா. "வாறன் அம்மா" என்பேன். போன வருடம் வைகாசியில் அம்மா போய்விட்டா. அதற்குப் பிறகும் பழக்கத்தில் ஒரு விண்ணப்பம் போட்டேன். இந்த மாதம் கடிதம் வந்துவிட்டது, மாற்றம் கிடைத்திருக்கிறது என்று. அம்மா இருந்த பத்து வருடமும் வராத கடிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

விருப்பமா இல்லையா என்று பதினான்கு நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தங்கச்சி வதனி போனில் ஒரே பிடியாக நின்றாள். "வீடு பூட்டிக் கிடக்கு அக்கா. கிணத்தடியில பத்தை மண்டிப்போச்சு. இன்னும் ஆருக்காக அங்க இருக்கிறியள்?" அவள் கேட்டது நியாயம். பிறகு கதைக்கிறன் என்று போனை வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் ராணி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல விஷயந்தானே டீச்சர். சொந்த ஊரு, சொந்த வீடு" என்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. போய்விட்டால் இனி எப்போது சொல்வது?

"ராணி, நான் வந்த புதுசில, நீங்கள் மடிச்சுத் தந்த உடுப்பை..."

"திரும்பத் தொவச்சீங்க. பாத்தேங்க."

மெஷின் நின்றது.

"பாத்தும் ஏன் அடுத்த நாள் எடுத்து வைச்சனீங்கள்?"

"மழைக்கு அதெல்லாம் தெரியுங்களா டீச்சர்? நனையுற துணி நனையத்தான செய்யும்." ஊசியிலிருந்து நூலை அறுத்துவிட்டு, "அன்னிக்கு எனக்கு மனசு வலிச்சது. இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் எழுந்துபோய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். பிறகு, தன்பாட்டில் பேசுவதுபோலச் சொன்னார்: "லயத்துல எங்க வீட்டுக்குன்னு முகவரி கெடையாதுங்க. கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். இந்த ஒழுங்கைக்கு வந்தப்புறந்தான் என் பேருக்கு வீடு தேடி மொத கடுதாசி வந்துச்சு. கரண்டு பில்லுதான். ஆனா அத நான் இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்." நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் தேநீரைக் குடித்தேன்.

பதினான்காம் நாள் கல்வி அலுவலகத்தில் நின்று படிவத்தை நிரப்பினேன். மாற்றம் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே வழக்கமான இரண்டு கட்டங்கள் இருந்தன. நிரந்தர முகவரிக்குக் கொக்குவில் வீட்டை எழுதினேன். வேறொன்றை எழுதக் கை வரவில்லை. தற்காலிக முகவரிக்குக் குண்டசாலையை எழுதினேன்.

மேசையில் இருந்த சிங்கள இளம்பெண் நல்ல மனசோடு, பழகிய தமிழில் என்னைத் திருத்தப் பார்த்தார். "மிஸ், முகவரி ரெண்டும் மாறி எழுதியிருக்கு போல. கொக்குவில்ல இப்ப யாரு இருக்கிறாங்க?"

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

"குண்டசாலையில?"

"நான் இருக்கிறன்."

அவர் பேனையை என் பக்கம் நீட்டினார், மாற்றி எழுதட்டும் என்று. நான் அதை வாங்கினேன். இரண்டு வரிகளையும் வெகுநேரம் பார்த்தேன். பிறகு பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"சரியாத்தான் இருக்கு, மிஸ்" என்றேன்.