பல்லில் உரசிய முத்து

சொலாஞ்ச் முத்தைப் பல்லால்தான் பார்ப்பாள். முன்பல்லில் வைத்து உரசுவாள். வழவழவென்று ஓடினால் முகம் மலர்ந்துவிடும். "போலி! என் செல்லமே, சுத்தப் போலி!" நறநறத்தால் அசல். திருப்பிக் கொடுத்துவிட்டு வாயைக் கொப்பளிப்பாள்.

பாரிஸ் ஓரத்துப் பழம்பொருள் சந்தையில் ஓர் அலமாரி அகலம் அவள் கடை. பெரிய உடை நிறுவனங்கள் தங்கள் கவுன்களுக்கென்றே ஒரு காலத்தில் செய்வித்த கண்ணாடி முத்தும் முலாம் பூசிய பித்தளைப் பூவும்தான் சரக்கு. "கடவுள் செஞ்ச கல்லை எவன் வேணா விப்பான். இது மனுஷன் மண்டையை உடைச்சுக்கிட்டு செஞ்சது." வயது எழுபதைத் தொடுகிறது, உதட்டுச் சாயத்துக்கு மட்டும் இருபதுதான். நல்ல நகை கிடைத்தால் ஒரு சுற்று ஆடுவாள். கடையில் இடம் போதாது, பாதி ஆட்டம் நடைபாதையில். எதிர்க்கடைச் சரவிளக்கு வியாபாரி ஃபெர்னான், "மாட்டிச்சுடா மீனு" என்பான்.

காதில் எப்போதும் வால்ப்ரூன் என்ற உடை நிறுவனத்து முத்துத் தொங்கட்டான், முதல் காதலன் கொடுத்தது. காதலன் போய்விட்டான், தொங்கட்டான் இருக்கிறது. விலை கேட்டால், "காதோட சேர்த்து எடுத்துக்கோங்க" என்பாள்.

போன சனிக்கிழமை அந்த வால்ப்ரூனிலிருந்தே ஆள் வருவதாக இருந்தது. அவள் தேடிப் பிடித்துவைத்த பழைய வால்ப்ரூன் முத்து மாலையைத் தங்கள் காட்சிப் பெட்டிக்குக் கேட்டிருந்தார்கள். தன் கடை நகை அந்தப் பெட்டிக்குள் ஏற வேண்டும் என்பது சொலாஞ்சின் நெடுநாள் ஆசை. கடைசியாக ஒருமுறை உரசினாள். நடுவில் தொங்கிய முத்து நற என்றது.

"ஐயையோ, அசல்!"

ஃபெர்னான் ஓடிவந்தான். "அசலா? அடிச்சதுடி யோகம்!"

"யோகமா? முத்து தொலைஞ்ச இடத்துல எவனோ ஒருத்தன் பொண்டாட்டி மேல உள்ள ஆசையில நிஜத்தை மாட்டித் தொலைச்சிருக்கான். மானம் போச்சு!"

அதற்குள் சந்து முனையில் வால்ப்ரூன் அம்மாள் மதாம் கிளாரே தெரிந்தார். சொலாஞ்ச் காதைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கியது. பிறகு கம்பி வளைக்கும் குறடு ஒன்றை எடுத்து, ஒரு தொங்கட்டானின் முத்தைக் கழற்றி மாலையின் நடுவில் மாட்டினாள்.

"நடு முத்து என் தொங்கட்டானோடது, மதாம். உங்க வீட்டுச் சரக்குதான், அதே காலத்துது."

மதாம் கிளாரே மாலையைக் கையில் வாங்கினார். முத்தைத் தூக்கித் தன் முன்பல்லில் உரசினார். "சுத்தப் போலி" என்று சொல்லி, கண்ணை மூடிச் சிரித்தார்.

மாலையோடு மதாம் கிளாரே போனதும் ஆட்டம் நடைபாதையைத் தாண்டி ஃபெர்னானின் விளக்குகள் வரை போனது. மூச்சு வாங்கி நின்றவளிடம் அவன் மாலையிலிருந்து கழன்ற அசல் முத்தை நீட்டினான். "இதை என்ன பண்றது?"

"வேற போலி கிடைக்கிற வரைக்கும் கிடக்கட்டும்." முகத்தைச் சுளித்துக்கொண்டு வெறும் தொங்கட்டானில் அதை மாட்டினாள். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று முடியை இழுத்து அந்தக் காதை மூடிக்கொண்டாள்.