அமராவதி நகரில் சின்னச் சீட்டு ஜெயித்த நாள்

இரவல் தையல் மெஷினில் தொடங்கியவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு. பொட்டல் காட்டில் கட்டடம் எழுப்பினேன். கரண்ட் இல்லாத நாட்களிலும் பனியன் ஏற்றுமதி செய்தேன். உட்காரச் சொல்லாத பேங்க் மேனேஜர் முன்னால் நின்றபடியே லோன் வாங்கினேன். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு சீட்டாட்டம் வாயடைக்க வைத்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திருப்பூரில் கிளம்பினோம். பல்லடம், உடுமலை வழியாக அமராவதி அணை ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். கார் ஓட்டியவர் என் சகலை பழனிசாமி. மடத்துக்குளத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அணைக்குப் பக்கத்துப் பண்ணை வீட்டில் மூன்று ஜோடிகளுக்குள் போட்டி; ஜோடியில் ஒருவர் மாற்றி ஒருவர் உட்காரலாம். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். பரிசு, திருமுருகன்பூண்டியில் செதுக்கிய கல் கோப்பை. ஜெயித்தவர் பெயரை அதில் வெட்டுவார்கள். அது என் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஆசை.

"ஏனுங்கண்ணா, இதுல சின்னக் கைதான் ஜெயிக்குமுங்க" என்றார் சகலை. "ஏழு சீட்டு வரும், அதுல சின்னதா அஞ்சு போதும். மொதல்ல மூணு சீட்டு, ரண்டு கவுத்து, ஒண்ணு தொறந்து. மூணும் எட்டுக்கு மேல போகாம, ஜோடி சேராம இருந்தாத்தான் எறங்கோணும். ஒண்ணுதான் எல்லாத்துலயும் சின்னதுங்க."

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அணைத் தண்ணீர் கடல் மாதிரி கிடந்தது. முதலில் நான் உட்கார்ந்தேன். ராஜா, ராணி, ஜாக்கி வரிசையாக வந்தன. ரம்மி ஆடிப் பழகிய கை அதை விடுமா? இறங்கினேன்.

தூத்துக்குடியிலிருந்து வந்து தையல் கான்ட்ராக்ட் எடுக்கும் ஞானராஜ் சிரித்தார். "அண்ணாச்சி, ராஜா குடும்பத்தையே கூட்டிக்கிட்டு எங்க போறிய?"

கொட்டை முக்கால்வாசி போனது. சகலை என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். பின்னால் நின்று கவனித்தபோதுதான் பிரமிப்பு தட்டியது. ராஜாவுக்கு மதிப்பில்லை, ரெண்டுக்கும் மூணுக்கும் மரியாதை. உலகத்தையே தலைகீழாக நிறுத்திய ஆட்டம்!

அப்போது சகலைக்கு ஒன்று, நான்கு கவிழ்த்து; எட்டு திறந்து. முகம் மலர்ந்தது. எதிரே ஞானராஜிடம் திறந்து கிடந்தது ரெண்டு, மூன்றாவது ஜோடியின் உடுமலை கந்தசாமியிடம் மூணு.

அவர் காதில் சொன்னேன்: "சகல, இந்தக் கை வேண்டாம், கவுத்து உடு."

"மூணும் சின்னச் சீட்டுங்ண்ணா!"

"அவங்க தொறந்து வெச்சிருக்கறது நம்முளுத விடச் சின்னது. நமக்கு வேணுங்கறதும் அங்கதான் கெடக்குது. துணி ரோலைப் பிரிச்சதும் ஓட்டை தெரிஞ்சா கட்டிங் டேபிள்ல விரிப்பியா?"

முனகிக்கொண்டே கவிழ்த்தார். மற்ற இருவரும் மோதினார்கள். கடைசியில் ஞானராஜ் விரித்தது ஒன்று முதல் ஐந்து வரை; அதைவிடச் சின்னக் கை இந்த ஆட்டத்திலேயே இல்லை. கந்தசாமி ஒரு கொட்டைகூட மிச்சமில்லாமல் எழுந்தார். நாங்கள் இறங்கியிருந்தால் எங்கள் கதியும் அதுதான். அதன்பின் சகலை நல்ல கையாகப் பார்த்து இறங்கி, ஞானராஜின் குவியலைக் கரைத்துக் கோப்பையை வென்றார்.

திரும்பும்போது கேட்டேன்: "கோப்பைல யாரு பேரு?"

"கடைசில சீட்டுப் புடிச்சவரு பேருதானுங்ண்ணா வெட்டுவாங்க."

சிற்பியாரே, பழனிசாமி பெயரை வெட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஆடிய கைகளை எல்லாரும் பார்த்தார்கள். ஆடாத கை என்னுடையது. காளியப்பன் என்ற என் பெயரை அதற்கு மேலே வெட்டுங்கள், அதே அளவு எழுத்தில்.