அக்கா பேரில் இருந்த வீடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாதம், கும்மிடிப்பூண்டியில் நடந்தது இது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தணி பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் வந்து போக முடியாது என்பதால், பைபாஸிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு லைன் வீட்டில் இன்னும் இரண்டு பெண்களோடு தங்கியிருந்தேன். ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்பக்கம் நாலு குடித்தனத்துக்கும் பொதுவான பாத்ரூம். தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் மாடியில் ஹவுஸ் ஓனர் வீட்டுக்குள் இருந்தது.

எங்கள் மூவரில் மூத்தவரை நாங்கள் இருவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயது இருக்கும். ஆர்.கே.பேட்டை பக்கம் சொந்த ஊர். புருஷன் வேறு ஒருத்தியைக் கூட்டி வந்துவிட, தனியாகக் கிளம்பி வந்து ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த வீட்டை முதலில் பிடித்தவர் அவர்தான். நாங்கள் இருவரும் பிறகு வந்து சேர்ந்துகொண்டோம். வந்த புதிதில், நாள் முழுக்க நின்று வேலை பார்த்து என் கால் வீங்கிவிடும். கேட்காமலே வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து காலடியில் வைப்பார்.

ஓனரோடு இரண்டு வருடத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதி, நெட் சென்டருக்குப் போய் அரசு இணையதளத்தில் அதைப் பதிவும் செய்து வைத்திருந்தார் அக்கா. எங்கள் லைனில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"இன்னாத்துக்குக்கா இவ்ளோ பேஜாரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாய்ப் பேச்சை நம்பித்தான் ஒரு ஊட்ல பத்து வருசம் இருந்தேன். வெளிய போன்னு சொன்னப்போ கையில ஒன்னும் இல்ல. இனிமே எனக்குப் பேப்பர் வேணும்," என்றார்.

அந்த ஐப்பசியில் அக்காவுக்கு இருமல் ஆரம்பித்தது. மழைக்கு வந்த சளி என்று நினைத்தோம். மூன்று வாரம் ஆகியும் விடவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துவிட்டு டிபி என்று சொன்னார்கள். அக்கா அதை எங்களிடம் மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஆறு மாதம் மாத்திரை போட்டால் சரியாகிவிடும், முதல் இரண்டு வாரம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார். அதுவரை மாஸ்க் போட்டுக்கொண்டு சமையலறையில் ஜன்னலோரம் படுத்துக்கொள்கிறேன் என்றும் அவரே சொன்னார்.

மறுநாள் சுகாதார ஊழியர் ஒருவர் எங்களையும் பரிசோதனைக்கு வரச் சொல்ல வீட்டுக்கே வந்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று நிதானமாகத்தான் சொன்னார். எங்கள் இருவருக்கும் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் அவர் வந்து போனதை லைன் முழுக்கப் பார்த்துவிட்டது. அடுத்த நாளே ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அக்கா வேலைக்கு லீவு சொல்லப் போயிருந்த நேரம்.

"மேல எங்கூட்ல பேரப்புள்ளைங்க இருக்குது. அந்தம்மாவ அனுப்பிட்டு நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருங்க. இல்லன்னா மூணு பேரும் காலி பண்ணுங்க. ரெண்டுல ஒன்னு நீங்களே சொல்லுங்கம்மா," என்றார்.

அவர் அக்காவிடம் நேரில் எதுவும் சொல்லவில்லை. எங்களிடம் மட்டும்தான் சொன்னார். கூட இருந்த பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். டிபிக்காரியோடு தங்கியிருக்கிறாள் என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அழுதாள். எனக்கும் பயம்தான். நோயைவிட, ஷிப்டு வேலையோடு வேறு வீடு தேடி அலைய வேண்டுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அதை இன்று மறைப்பதில் அர்த்தமில்லை.

மாத்திரை ஆரம்பித்த ஐந்தாவது நாள் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஓனர் ஒரு புதுப் பூட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அக்காவின் துணிமணிகளை ஓர் அரிசிப் பையில் கட்டி வாசலில் வைத்தேன். பாயைச் சுருட்டி அதன்மேல் வைத்தேன். மழைச் சாரல் படாமல் சுவரோரம் தள்ளி வைத்தது நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் அதையே பெரிய அக்கறை மாதிரி நினைத்துக்கொண்டேன். பிறகு கதவில் இருந்த பழைய பூட்டை எடுத்துவிட்டுப் புதியதை உள்பக்கம் போட்டுக்கொண்டு, நாங்கள் இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா வந்தார். பையைப் பார்த்தார். கதவைத் தட்டினார். நாங்கள் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்தார்.

"ஓனரு போட்டாரா, நீ போட்டியா?"

"ஓனரு சொன்னாருக்கா…" என்றேன்.

அவர் கத்தவில்லை, அழவுமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார். இருமல் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். "சமையல்கட்டு அலமாரில என் மாத்திர இருக்குது. அத மட்டும் எடுத்துக் குடு," என்றார்.

மாத்திரை அட்டைகளையும் ஆஸ்பத்திரி சீட்டையும் ஜன்னல் கம்பி வழியாக நீட்டினேன். அவர் விரல் என் மேல் பட்டுவிடக் கூடாது என்று அட்டையின் ஓரத்தைப் பிடித்து நீட்டினேன். அதைக் கவனித்துவிட்டார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பாயை அங்கேயே விட்டுவிட்டு, மழையில் நடந்து போனார்.

அதன் பிறகு அவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. கேன்டீனிலிருந்தும் நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தை மாதம் மற்றப் பெண் கல்யாணமாகிப் போனாள். அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள்.

சித்திரையில் ஓனர் என்னிடம் வந்தார். லைன் வீடு மொத்தத்தையும் ஒரு கான்ட்ராக்டர் கேட்கிறார், வடநாட்டு ஆட்களைத் தங்க வைக்கப் போகிறார், ஒரு வாரத்தில் காலி செய்யுங்கள் என்றார். ஒரு வாரத்தில் எங்கே போவது என்று கேட்டேன். அவர் மாடியேறிப் போய்விட்டார். எட்டாவது நாள் எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. பத்தாவது நாள் கரண்டும் போனது. வெயிலில் ரோட்டுக் குழாயிலிருந்து குடம் தூக்கி, அதில் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். சாமானை வெளியே எடுத்துப் போடுவேன் என்று ஓனர் சொன்ன அன்று, கம்பெனியில் கூட வேலை செய்த ஒருவர், திருவள்ளூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவி கிடைக்கும், போய்ப் பார் என்றார்.

ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னை வரை போய் வேறு வண்டி மாற வேண்டும். பாதி நாள் அதிலேயே போய்விட்டது. அங்கே ஒரு பெண் வக்கீல் பொறுமையாகக் கேட்டார். வாடகைக்கு இருப்பவரின் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த ஓனருக்கு அதிகாரம் கிடையாது, முறையான உத்தரவு இல்லாமல் சாமானை வெளியே போடவும் முடியாது என்றார். எனக்கு உயிர் வந்தது.

"ஒப்பந்தம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மேடம். பதிவே பண்ணிருக்கு."

"யார் பேர்ல?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. அக்கா பேரில் என்றேன். என் பேரில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஆதாரில் கிராமத்து விலாசம். வாடகையைக் கையில் கொடுத்ததோடு சரி.

"அவங்க இப்போ எங்க?"

"உடம்பு சரியில்லன்னு ஊருக்குப் போயிட்டாங்க மேடம்."

வக்கீல் என்னையே பார்த்தார். "வீட்டைக் காலி பண்றேன்னு அவங்க எழுதிக் குடுத்துட்டுப் போனாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ சட்டப்படி இன்னிக்கும் அவங்கதான் அந்த வீட்டுக் குடித்தனக்காரங்க. அவங்க வந்து கையெழுத்துப் போட்டா மனு ஸ்ட்ராங்கா நிக்கும். உடம்பு சரியில்லன்னு ஓனர் அனுப்பினாரா? அப்படி ஒரு காரணமே சட்டத்துல கிடையாது. அவங்க மட்டும் அன்னைக்கு வந்திருந்தா, அன்னைக்கே அவங்களத் திரும்ப உள்ள விட வெச்சிருப்போம்."

வெளியே வந்து கோர்ட் வளாகத்து மரத்தடியில் வெகுநேரம் நின்றேன்.

அடுத்த ஞாயிறு ஆர்.கே.பேட்டைக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து, அக்காவின் அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்குப் பின்னால், உர மூட்டை வைக்கும் சின்ன அறையில் கட்டில் போட்டிருந்தது. அக்கா பாதியாக இளைத்திருந்தார். கும்மிடிப்பூண்டியிலிருந்து போனவர் நேராக அண்ணன் வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு, அத்திப்பட்டில் ஒரு தோழியிடம் தங்கியிருக்கிறார். அங்கிருந்தும் போகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த அலைச்சலில் இரண்டு மாதத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போய், நோய் முற்றிவிட்டது. இப்போது முதலிலிருந்து மறுபடி மருந்து. இதையெல்லாம் சொன்னது அக்கா இல்லை, அவருடைய அண்ணி.

நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அண்ணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கதவ சாத்தினவ நீதான? இப்போ உனுக்கு ஒன்னுன்னதும் கையெழுத்து கேக்க வன்ட்டியா? இன்னா நெஞ்சும்மா உனுக்கு!"

எனக்கு அழுகைதான் வந்தது. அக்கா கையை உயர்த்தி அண்ணியை நிறுத்தினார். எப்போது வர வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

சொன்ன நாளில் அண்ணனோடு திருவள்ளூருக்கு வந்தார். மாஸ்க் போட்டிருந்தார். படியேற முடியாமல் இரண்டு இடத்தில் நின்றார். கை கொடுக்கப் போனேன். தேவையில்லை என்று தலையசைத்தார். வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். உங்களை வீட்டைவிட்டு யார் அனுப்பியது என்று கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன். நானாகத்தான் போனேன் என்று அக்கா சொல்லிவிட மாட்டாரா என்று, வெட்கமில்லாமல் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"ஓனரு சொன்னாரு. இந்தப் பொண்ணு பூட்டுச்சு," என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. வக்கீல் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதிக்கொண்டார். அக்கா படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மனு போனதும் வேலை வேகமாக நடந்தது. ஓனரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தண்ணீரும் கரண்டும் திரும்ப வந்தன. ஒப்பந்தக் காலம் முடியும்வரை யாரையும் கிளப்பக் கூடாது, ஒப்பந்தத்தில் பேர் உள்ள அக்கா எப்போது வந்தாலும் உள்ளே விட வேண்டும் என்று ஓனரிடம் எழுதி வாங்கினார்கள். வெளியே வந்ததும் அக்காவின் முன்னால் போய் நின்றேன்.

"வந்துடுங்கக்கா. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"அந்த ஊட்டு வாசல்ல என்னால நிக்க ஆவாதும்மா," என்றார். "உனுக்காக நான் வரல. அந்தாளு நாளைக்கு இன்னொருத்திய இப்டி பண்ணக் கூடாதுன்னுதான் வந்தேன்."

அண்ணன் ஆட்டோவைக் கூப்பிட்டார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு நான் பலமுறை போன் செய்தேன். ஒரே ஒருமுறை அண்ணி எடுத்தார். மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு நுரையீரல் பழுதாகிவிட்டது, இனிமேல் அடுப்படி வேலைக்குப் போக முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார். இப்போது அந்த எண் உபயோகத்தில் இல்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் நான் அந்த வீட்டைக் காலி செய்தேன். இன்று பொன்னேரி பக்கம் வேறொரு வீட்டில் இருக்கிறேன். கூடத் தங்கியிருக்கும் பெண்ணின் பேரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி ஓனரிடம் பிடிவாதம் பிடித்துச் சேர்த்தேன். யாராவது வீட்டுப் பிரச்னை என்று வந்தால், திருவள்ளூருக்கு எப்படிப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று வழி சொல்கிறேன். சட்டம் தெரியாமல் அன்று அப்படிச் செய்துவிட்டேன் என்று அவர்களிடம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அது தப்பு என்று அந்த மத்தியானமே எனக்குத் தெரிந்திருந்தது என்ற உண்மை வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.