அறுநூறு லீற்றர் டாங்கி

என் மருமகன் எட்வேட்டைப் பற்றி வேறு யாரும் சொல்லப் போவதில்லை. அதனால் நான் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு வசந்தமலர் எழுதுகிறாள். இதில் என் பிழையும் இருக்கிறது, அதை விட்டுவிடாமல் எழுது பிள்ளை என்று அவளுக்கு முதலே சொல்லிவிட்டேன்.

எட்வேட் மன்னாரில் பேசாலைக்காரர். மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது அவர் தொழில். வள்ளம் கரைக்கு வரும்போதே காதைக் கொடுத்துக் கேட்டு, "உந்த எஞ்சின் இருமுது, கழட்டுங்கோ" என்பார். கழற்றினால் அவர் சொன்ன இடத்தில்தான் பழுது இருக்கும். என் மகள் பேர்ணடெட்டைக் கல்யாணம் முடித்து, ஜெசிக்கா பிறந்து, சண்டைக்குள் இருந்து வெளிக்கிட்டு, தொண்ணூற்றொன்றில் என்னையும் கூட்டிக்கொண்டு நியூசிலாந்தில் ஒக்லண்டுக்கு வந்தார். வந்து ஐந்து வருடம் விமானங்களுக்குள் கூட்டித் துடைத்தார்.

"இவ்வளவு பெரிய எஞ்சினுக்குப் பக்கத்தாலை நடந்து போய்க் கக்கூஸ் கழுவிறன், மாமி" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சிரிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் நாங்கள் இருந்த பாபடோயிட்டோய் முழுக்கச் சுற்றுவார். வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற இடங்களில் ஒரு ஸ்பானர், ஒரு குறடு என்று வாங்கி வருவார். துரு போக உரஞ்சி, எண்ணெய் பூசி, கராஜில் பெரியதில் இருந்து சின்னதுவரை அடுக்கி வைப்பார். ஜெசிக்கா அதற்கு "டாட்ஸ் மியூசியம்" என்று பெயர் வைத்திருந்தாள். அவர் கோபிக்கவில்லை. பார்க்கத்தானே முடிகிறது, வேலை ஒன்றும் இல்லையே அவற்றுக்கு.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, கோவிலுக்கு வருகிற மத்தியூ ஒரு சேதி கொண்டுவந்தார். பக்குரங்காவுக்கு அப்பால் புது வீடுகளுக்காக நிலம் வெட்டுகிறார்கள், அங்கே மண் கிண்டுகிற மெசின்களைப் பார்க்க ஆள் தேவை என்றார். எட்வேட் போய்க் கதைத்தார். வேலை கிடைத்தது. அந்தக் கொன்ட்ராக்டர் சொன்னது இதுதான்: யூட், அதுதான் பின்தட்டு வைத்த சின்ன லொறி, உன் சொந்தமாக இருக்க வேண்டும், அதில் மெசின்களுக்கு டீசலும் கொண்டு வா, பழுதும் பார், வண்டியை எப்படி அமைப்பது என்பது உன் விருப்பம். அன்று மருமகன் கராஜுக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பழைய யூட் ஒன்று வாங்கினார். பின்தட்டில் பூட்டுவதற்கு டீசல் டாங்கியும் டூல் பெட்டியும் தேவைப்பட்டன. பார்க்கப் போன அன்று பேர்ணடெட்டுக்கு வேலை. யாரும் கூப்பிடாமலே நான் யூட்டில் ஏறிக்கொண்டேன்.

"மாமி, அது இரும்புக் கடை. அங்கை மரக்கறி இல்லை" என்றார் எட்வேட்.

"மரக்கறிக் கடைக்கு நீங்கள் வந்து புழுக் கத்தரிக்காய் வாங்கித் தந்தனீங்கள்தானே? இதுக்கு நான் வாறன்."

கடைக்காரர் ஜெய் பிரகாஷ், பிஜிக்காரர். தன் பாட்டி எங்கள் பாஷை பேசினவள் என்றும், தனக்கு அதில் சோறு, போ, அடி என்ற மூன்று சொல்தான் தெரியும் என்றும் இங்கிலிஷில் சொன்னாராம். எட்வேட் எனக்குச் சொல்லிச் சிரித்தார். "சாப்பிடவும் சண்டை பிடிக்கவும் உது காணும்" என்றேன். அதை அவருக்குத் திருப்பிச் சொன்னபோது அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டு டாங்கி காட்டினார். ஒன்று படி மாதிரி மடிந்தது, இருநூறு லீற்றர் கொள்ளும். அந்தப் படிமேல் வண்டியின் அகலத்துக்கு ஒரு நீளப் பெட்டி உட்காரும். உள்ளே மூன்று தட்டு, இழுக்க இழுக்க வரும். எட்வேட் அந்தத் தட்டை இழுத்தார், தள்ளினார், திரும்ப இழுத்தார். மற்றது சதுரமான பெரிய டாங்கி, அறுநூறு லீற்றர். அதோடு வருகிற பெட்டிக்குள் ஒரு சுத்தியலும் நாலைந்து ஸ்பானரும்தான் போகும்.

"பெரிசை எடுத்து, அந்தப் பெரிய பெட்டியையும் வைக்கலாம்தானே?" என்று கேட்டேன்.

"ஏலாது மாமி. ரெண்டு பாரமும் சேர்ந்தால் இந்த யூட் தாங்காது எண்டு அவர் சொல்லுறார். எண்ணெய் கூட வேணுமெண்டால் சாமானை விட வேணும்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்குச் சின்னது காணும்."

நான் அப்போது பேசாமல் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

"காணுமோ? எண்ணெய் போதாமல் போனால் என்ன நடக்குமெண்டு உங்களுக்கு நான் சொல்லித் தரவேணுமோ தம்பி?"

அவர் கை தட்டில் இருந்து விலகியது.

இதைக் கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொன்னேன் என்று விளங்காது, விளக்குகிறேன். தொண்ணூறாம் ஆண்டு சண்டையால் எங்கள் பக்கத்துக்கு டீசல், மண்ணெண்ணெய் ஒன்றையும் விடாமல் அரசாங்கம் தடுத்திருந்தது. ஒரு காலை என் மனிதருக்கு நெஞ்சு நோவு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எட்வேட் ஒரு உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். எங்கேயோ கிடைத்த மண்ணெண்ணெயோடு தேங்காய் எண்ணெயைக் கலந்து ஊற்றி ஓட்டினார். பின்னால் இழுத்த பெட்டியில் நான் என் மனிதரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பாதி வழியில் இயந்திரம் நின்றது. எட்வேட் இறங்கி என்னவெல்லாமோ செய்தார். அது ஓடவில்லை. என் மனிதர் அங்கேயே, என் மடியிலேயே போய்விட்டார். எண்ணெய் இல்லாததால் போனார் என்று நான் ஊருக்கெல்லாம் சொன்னேன். எட்வேட் ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை.

அன்று அந்தக் கடையிலும் மறுக்கவில்லை. அறுநூறு லீற்றர் டாங்கியை எடுத்தார்.

நான் முன் சீற்றில் சந்தோசமாக வந்தேன். அதையும் எழுது வசந்தமலர்.

டாங்கி நிரம்பியதும் யூட்டின் பின்பக்கம் தாழ்ந்து, முன் லைட்டுகள் வானத்தைப் பார்த்தன. ஸ்பானர்கள் கராஜிலேயே கிடந்தன. மூன்றாவது கிழமையில் ஒரு மெசினின் எண்ணெய்க் குழாய் வெடித்தது. என்ன பழுது என்று எட்வேட் அந்த நிமிடமே சொல்லிவிட்டார். கழற்றக் கையில் சாமான் இல்லை. பாபடோயிட்டோய்க்கு வந்து எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் கொன்ட்ராக்டர் வேறொருவரைக் கூப்பிட்டுத் திருத்திவிட்டார். அடுத்த பழுதுக்கும் அந்த ஆள்தான் வந்தார். பிறகு எட்வேட்டின் வேலை டீசல் ஊற்றுவது மட்டும் என்றாகிவிட்டது. அங்கே அவரை "டீசல் மான்", டீசல்காரன், என்று கூப்பிடுகிறார்கள் என்று, ஒருநாள் அவரோடு போன ஜெசிக்கா வந்து சொன்னாள். அவளுக்கு அது பகிடியாக இருந்தது.

அவர் வீட்டில் கதைப்பதைக் குறைத்தார். சனிக்கிழமை சாமான் தேடிப் போவதை நிறுத்தினார். ஒருநாள் பேர்ணடெட் சமையலறையில் ஒரு துண்டுக் கடுதாசியோடு நின்றாள். எட்வேட் எழுதிக் கொடுத்ததாம். ஸ்பானர்கள் விற்பனைக்கு என்று சில்லறைச் சாமான் விற்கிற டெயறிக் கடையின் விளம்பரப் பலகையில் ஒட்டச் சொன்னாராம்.

"இப்ப உங்களுக்குத் திருப்தியே அம்மா?" என்று கேட்டாள்.

"நான் என்னடி செய்தனான்? நல்லதுதானே சொன்னனான்."

"அப்பாவைச் சொல்லி அவரின்ரை வாயைக் கட்டினீங்கள். ஆறு வருசமாய் அவர் உங்களுக்கு முன்னாலை குற்றவாளி மாதிரி நிக்கிறார். உங்கடை கண்ணுக்குத் தெரியேல்லையே?"

"ஓம், எல்லாப் பழியும் கிழவியிலை போடு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ச் செபமாலையை எடுத்தேன். செபம் ஓடவில்லை. அந்தக் கடுதாசியை அவள் ஒட்டவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அது தேநீர்ப் பேணிக்குக் கீழே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை முற்றத்தில் இரும்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். எட்வேட் யூட்டுக்கு மேல் நின்று டாங்கியின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். எண்ணெய் எல்லாவற்றையும் முதலே இறக்கியிருந்தார்.

"என்ன தம்பி செய்யிறீங்கள்?"

"மாத்தப் போறன் மாமி. ஜெய் பிரகாஷ் திருப்பி எடுக்கிறன் எண்டவர். மற்றதைப் பூட்டுவம்."

"அந்தக் கொன்ட்ராக்டர் எண்ணெய்க்குத்தானே உங்களை இப்ப வைச்சிருக்கிறார்? இது போனால் வேலையும் போகும்."

"போனால் போகட்டும்."

அவர் என்னை எதிர்த்து அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "எண்ணெய் இல்லாமல் ஒரு உயிர் போனது காணாதோ? அண்டைக்கு அரைப் போத்தல் டீசல் இருந்திருந்தால் அவர் இண்டைக்கு இருந்திருப்பார்" என்று கத்தினேன்.

எட்வேட் ஸ்பானரை வைத்தார். இறங்கி என் முன்னால் வந்து நின்றார்.

"இருந்திருக்க மாட்டார் மாமி. மெசின் நிக்க முதலே மாமா போயிட்டார்."

"என்ன கதைக்கிறீங்கள்?"

"சந்தி திரும்பேக்கை பின்னுக்குப் பார்த்தனான். கண்டிட்டன். நீங்கள் அவரோட கதைச்சுக்கொண்டிருந்தீங்கள். 'இந்தா வந்திட்டுது, இந்தா வந்திட்டுது' எண்டு அவரின்ரை முகத்தைத் தடவினீங்கள். நான் என்னெண்டு நிப்பாட்டுறது? அப்பிடியே ஓடினன். பிறகு அது தானாய் நிண்டது."

"பொய்" என்றேன். "ஸ்பானருக்காகப் பொய் சொல்லுறீங்கள்."

அவர் மாதா மேல் சத்தியம் செய்யவில்லை, அழவும் இல்லை. திரும்ப ஏறி, விட்ட போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.

ஐந்து நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவேன். அதற்குள் படி மடித்த டாங்கியும் நீளப் பெட்டியும் பூட்டியாகிவிட்டன. கராஜ் தட்டு வெறுமையானது. நான் சொன்னபடியேதான் நடந்தது: எண்ணெய் கொண்டுவர வேறு வண்டி பிடித்துவிட்டேன், ஏதாவது உடைந்தால் கூப்பிடுகிறேன் என்று கொன்ட்ராக்டர் சொல்லிவிட்டார். எட்வேட் வீட்டில் இருந்தார். நான் சொன்னேனே என்று சொல்ல வாய் துடித்தது. பேர்ணடெட்டின் முகத்தைப் பார்த்து அடங்கினேன்.

எட்டாம் நாள் மத்தியானம், சோற்றில் கை வைத்திருந்தபோது போன் அடித்தது. இடக்கையால் எடுத்தார். இங்கிலிஷில் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மெசினின் சத்தத்தைப் போனில் கேட்க விட்டிருக்கிறார்கள். "பம்ப்" என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. பாதிச் சோற்றோடு எழும்பிப் போனார்.

பின்னேரம் வந்தபோது முழங்கை வரைக்கும் கறுப்பு.

"ஓடுதே?" என்று கேட்டேன்.

"ஓடுது மாமி. நாளைக்கும் வரச் சொன்னவை."

வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். வெகுநேரம் நின்று கை கழுவினார். நான் பக்கத்தில் துவாயோடு நின்றேன். என் மனிதர் போன அந்த நாளைப் பற்றிக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவர் சொன்னது உண்மையென்றால், நான் அந்த வழியெல்லாம் ஒரு பிரேதத்தோடு கதைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அதை ஆறு வருடம் எனக்குச் சொல்லாமல் இந்த மனிதர் பழியைச் சுமந்திருக்கிறார். பொய்யென்றால், அவர் எனக்குச் சொன்ன முதல் பொய் அது. இரண்டில் எதையும் என்னால் விழுங்க முடியவில்லை.

"சோறு ஆறிப்போச்சு, சூடாக்கித் தாறன்" என்றுதான் சொன்னேன்.

"ஓம் மாமி" என்றார்.